வாயைக் கட்டச் சொல்லும் முன்

எங்கள் மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் வாரந்தோறும் நிகழும் காட்சி ஒன்று உண்டு. பதின்மூன்றோ பதினான்கோ வயதான பிள்ளை எடை பார்க்கும் கருவியின்மேல் ஏறி நிற்கும். எண் தெரியும் முன்னரே உடன் வந்த பெரியவர் பேசத் தொடங்கிவிடுவார்: “சொன்னா எங்க டாக்டர் கேக்குறா? வாயைக் கட்டவே மாட்டேங்குறா. நீங்களாவது நல்லாத் திட்டி விடுங்க.” வரிசையில் அமர்ந்திருப்போர் நிமிர்ந்து பார்ப்பர். பிள்ளை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அந்தப் பேச்சின் பின்னால் இருக்கும் கவலையை நாங்கள் அறிவோம். தாத்தாவுக்குச் சர்க்கரை நோய், தந்தைக்கு இரத்த அழுத்தம். அடுத்தது பிள்ளையோ என்ற அச்சம் எந்தத் தாயையும் உறங்க விடாது. ஆயினும் அவர் கேட்கும் ஒன்றை மட்டும் செய்வதில்லை என்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. பிள்ளையைத் திட்டுவதில்லை. அந்த முடிவுக்கான காரணத்தை இவ்விதழின் வாயிலாக உங்கள் முன் வைக்கிறோம். காரணத்தில் இரக்கமும் உண்டு; ஆனால் அதன் அடித்தளம் உடலியல்.

எண்ணிக்கை சொல்வது

உடற்பருமன் ஒரு சில வீடுகளின் வளர்ப்புக் குறை என்று கருதுவோருக்கு முதலில் சில எண்களைச் சொல்ல வேண்டும். 2024-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான உலகளாவிய கணக்கீட்டின்படி, 1990-இல் இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு உடற்பருமன் இருந்தது. 2022-இல் அவ்வெண்ணிக்கை 1 கோடியே 25 லட்சமாக உயர்ந்தது. முப்பது ஆண்டுகளில் இத்தனை லட்சம் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒழுக்கம் கெட்டுவிட்டார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. மரபணுக்களும் இரண்டு தலைமுறைக்குள் மாறுவதில்லை. மாறியது அவர்களைச் சூழ்ந்திருக்கும் உலகம்.

நம் மாநிலத்திலிருந்தே ஒரு சான்று தரலாம். சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ‘ஆரஞ்ச்’ என்னும் ஆய்வில், 51 பள்ளிகளைச் சேர்ந்த 6 முதல் 17 வயது வரையிலான 18,955 பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டனர். தனியார் பள்ளிகளில் 21.4 விழுக்காட்டினர் பன்னாட்டு அளவுகோலின்படி மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். அரசுப் பள்ளிகளில் அது 3.6 விழுக்காடு. மிகை எடையுள்ள பிள்ளைகளில் ஐவரில் ஒருவருக்கு இரத்த அழுத்தமும் மிகுந்திருந்தது. ஒரே நகரில், ஒரே தட்பவெப்பத்தில், ஒரே மொழி பேசும் பிள்ளைகளுக்கு இடையே இத்தகைய வேறுபாடு எப்படி வந்தது? கையில் இருக்கும் காசு, பள்ளிக்குப் போகும் வண்டி, மாலையில் விளையாட இடம் இருப்பதும் இல்லாததும் ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால் விடை ஓரளவு புலப்படும்.

அந்த வேறுபாடு இனிச் சென்னைக்கு மட்டும் உரியதன்று. அறந்தாங்கியிலிருந்தும் ஆலங்குடியிலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் எங்களிடம் வரும் குடும்பங்களில் உழவர்கள் இருக்கிறார்கள், மீனவர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பும் தந்தையரின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பசி எங்கிருந்து வருகிறது?

பசி வயிற்றில் தோன்றுவதாக நாம் எல்லாரும் எண்ணுகிறோம். உண்மையில் அதை ஆள்வது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் என்னும் சிறு பகுதி. உடலின் பல இடங்களிலிருந்து ஹார்மோன்கள் என்னும் தூதுவர்கள் அதற்குச் செய்தி கொண்டு செல்கின்றன.

இரைப்பை வெறுமையாகும்போது கிரெலின் என்னும் ஹார்மோன் சுரந்து, “உணவு வேண்டும்” என்று அறிவிக்கிறது. இதை 1999-இல் கண்டறிந்தவர்கள் ஜப்பானிய அறிவியலாளர்களான கோஜிமாவும் கங்காவாவும். உண்ட உணவு குடலை அடைந்ததும் ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். முதலிய ஹார்மோன்கள் சுரந்து, “போதும்” என்கின்றன. இந்தப் போதும் என்ற செய்தி மூளையில் பதியச் சற்று நேரம் ஆகும். எனவே ஐந்து நிமிடத்தில் உண்டு முடிக்கும் பிள்ளை, நிறைவு தோன்றும் முன்பே தேவைக்கு மேல் உண்டுவிடும்.

இவை வேளைதோறும் வந்து போகும் தூதுவர்கள். நெடுநாள் கணக்கை வைத்திருப்பது லெப்டின். கொழுப்புத் திசுவே அதைச் சுரக்கிறது. சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்வது அதன் பணி. 1994-இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் இதைக் கண்டறிந்தனர். மூன்றே ஆண்டுகளில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், பாகிஸ்தானிய வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளின் உடலில் லெப்டின் அறவே இல்லை என்பது கண்டுபிடிக்கப்பட்டது. அவர்கள் பிறந்த சில மாதங்களிலிருந்தே தீராப் பசியோடு வளர்ந்தவர்கள். அவர்களுள் ஒரு சிறுமி 9 வயதில் 94 கிலோ எடையிருந்தாள். லெப்டினை ஊசியாகச் செலுத்தியதும் அவளுடைய பசி தணிந்தது. 12 மாதங்களில் 16 கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. அறிவுரையும் அதட்டலும் செய்ய முடியாத ஒன்றை, இல்லாத ஒரு ஹார்மோன் திரும்பக் கிடைத்தது செய்து முடித்தது.

இத்தகைய பிறவிக் குறை மிக மிக அரிது. எங்களிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவாக இல்லை, மிகுதியாகவே இருக்கிறது. ஆனால் நாளெல்லாம் ஒலிக்கும் ஒலிபெருக்கியின் ஓசை காதுக்குப் பழகிப்போவது போல, மிகுதியான லெப்டினின் குரல் மூளைக்குச் சரியாகக் கேட்பதில்லை. சேமிப்பு நிறைந்திருந்தும் சேமிப்பு போதாது என்று நம்பும் மூளை, உண்ணத் தூண்டுகிறது. அந்தப் பிள்ளை உணரும் பசி நடிப்பன்று. உங்களுக்கும் எங்களுக்கும் நண்பகலில் தோன்றும் அதே பசிதான்.

எடை குறையும்போது உடல் என்ன செய்கிறது?

நம் மாவட்டம் கண்மாய்களின் மாவட்டம். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் ஊரார் என்ன செய்வார்கள்? மடையை அடைத்து வெளியேறும் நீரைக் குறைப்பார்கள். வரத்துவாரியைச் சீர்செய்து வரும் நீரைப் பெருக்குவார்கள். எடை குறையும்போது உடலும் இதையே செய்கிறது. ஓய்வு நேரத்தில் செலவிடும் ஆற்றலைச் சுருக்குகிறது, பசியைக் கூட்டுகிறது. வறட்சியையும் பஞ்சத்தையும் கண்ட முன்னோரைக் காப்பாற்றிய ஏற்பாடு இது. வானம் பார்த்த பூமியில் வாழ்ந்தவர்களின் வழிவந்த நமக்கு இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். வறட்சிக்கு அமைந்த அந்த உடல், தெருமுனைதோறும் பரோட்டாக் கல் சூடேறும் காலத்தில் வாழ நேர்ந்திருக்கிறது.

இதை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று 2011-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலிருந்து வெளிவந்தது. பிரியா சுமித்ரன் உள்ளிட்ட குழுவினர், மிகை எடையுள்ள 50 பெரியவர்களுக்கு 10 வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாடு அளித்தனர். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. உடன் லெப்டின் சரிந்தது, கிரெலின் ஏறியது, பசி மிகுந்தது. ஓராண்டு கழித்து மீண்டும் அளந்தபோதும் அந்த மாற்றங்கள் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இழந்த எடை மீண்டும் ஏறத் தொடங்கிய பின்னரும் உடல், இழந்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெரியவர்களிடம் கண்ட இந்த உண்மை, பட்டினி போட்டுப் பிள்ளையின் எடையைக் குறைக்க முயலும் ஒவ்வொரு வீட்டுக்கும் எச்சரிக்கை. காலை உணவை நிறுத்திய பிள்ளை மாலையில் கட்டுக்கடங்காமல் உண்பது அவள் பொய்யான உறுதிமொழி அளித்ததால் அன்று. காலையில் தொடங்கிய கிரெலினின் முறையீடு மாலையில் வென்றுவிடுகிறது. அப்போது வீட்டார், “பாத்தீங்களா, நான் சொல்லல?” என்கிறார்கள். பிள்ளையும் தன்னைப் பற்றி அதையே நம்பத் தொடங்குகிறது. எங்களுக்கு மிகுந்த அச்சம் தருவது அந்த நம்பிக்கைதான். “என்னால் முடியாது” என்று நம்பிய பிள்ளை அடுத்த முறை மருத்துவமனைக்கு வராது.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. ஜெர்மனியில் நடந்த ஆய்வில், உடற்பருமன் உள்ள பிள்ளைகளிடம் குறைந்திருந்த பி.ஒய்.ஒய். ஹார்மோன், ஓராண்டுக் காலக் குடும்பப் பயிற்சியின் வழியே எடையைக் குறைத்தவர்களிடம் உயர்ந்தது. மெதுவாகச் சென்றால் போதும் என்னும் உணர்வு திரும்பி வரவும் கூடும் என்பதற்கு அது அடையாளம்.

பருவத்தின் சுமை

வளரிளம் பருவம் தனக்கே உரிய சுமைகளைக் கொண்டது. பூப்படையும் காலத்தில் இன்சுலின் முழு ஆற்றலோடு வேலை செய்வதில்லை. எல்லாப் பிள்ளைகளிடமும் இது இயல்பாக நிகழ்ந்து பின் சீராகும். உடற்பருமன் உள்ள பிள்ளையிடம் இது இரட்டைச் சுமையாகி, இன்சுலின் மிகுதியாகச் சுரக்கிறது. கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட்டுத் துணிபோல் தடிப்பது அதன் அடையாளம். அதை அழுக்கு என்று எண்ணிப் பயத்தமாவும் எலுமிச்சையும் கொண்டு தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கி அழைத்து வருவோரைப் பார்க்கிறோம். அது அழுக்கன்று. தேய்த்தால் போகாது. உள்ளே இன்சுலின் திணறுகிறது என்று தோல் சொல்லும் செய்தி அது.

அடுத்தது தூக்கம். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் நலமான 12 இளைஞர்கள் இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே உறங்க வைக்கப்பட்டனர். அவர்களுடைய லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. கிரெலின் 28 விழுக்காடு கூடியது. இனிப்பும் மாவுப் பண்டமும் மிகுதியாக வேண்டுமென்று தோன்றியது. இரண்டே இரவுகள். நம் பிள்ளைகளின் நாளை எண்ணிப் பாருங்கள். விடிகாலை ஐந்து மணிக்கு டியூஷன், மாலையில் சிறப்பு வகுப்பு, இரவில் வீட்டுப்பாடம், அதன் பின் கைப்பேசி. பொதுத்தேர்வு ஆண்டில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவ உலகின் பரிந்துரை. பசியைப் பெருக்கும் ஏற்பாடுகள் அனைத்தையும் செய்துவிட்டு, பசிக்கிறது என்று சொன்னதற்காகப் பிள்ளையைக் குற்றவாளியாக்குவது முறையா?

எங்கள் பங்கு

பெற்றோரை மட்டும் குறை சொல்லி நகர்வது நேர்மையாகாது. நாங்களும் தவறியிருக்கிறோம். நெரிசல் மிகுந்த நாளில் இரண்டு நிமிடத்தில் சீட்டை எழுதி, அடியில் “எடையைக் குறைக்கவும்” என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியிருக்கிறோம். எப்படிக் குறைப்பது என்று சொன்னதில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி எடையை உரக்கப் படித்ததும் உண்டு. அப்படிச் சென்ற பிள்ளைகளுள் சிலர் ஓராண்டு கழித்து, முன்னினும் மிகுந்த எடையோடு வேறு நோய்க்காக வந்தனர். ஒரு மாணவியிடம், “இடையில ஏம்மா வரல?” என்று கேட்டோம். “வந்தா வெயிட் பாப்பீங்களே” என்றாள். அந்த விடை எங்கள் குழுவை நெடுநேரம் பேச வைத்தது.

இப்போது எடையைத் திரைக்குப் பின்னால் தனியே பார்க்கிறோம். எண்ணைத் தாளில் குறித்துக்கொள்கிறோமே அன்றி உரக்கச் சொல்வதில்லை. முதலில் கேட்பது, “எப்படித் தூங்குற? மத்தியானம் யாரோட சாப்பிடுற?” என்பவை. வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள். குண்டு, பூசணிக்காய், யானைக்குட்டி என்னும் செல்லப் பெயர்களை இன்றோடு விட்டுவிடுங்கள். எடையைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பதின்வயதினர் பின்னாளில் ஒளித்து உண்பதும், பட்டினி கிடப்பதும், மேலும் எடை ஏறுவதும் மிகுதி என்பது பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் வெளிப்பட்டிருக்கிறது. கேலியால் எவரும் இளைத்ததில்லை.

அப்படியானால் யாருக்கும் பொறுப்பில்லையா?

வாசகர்கள் இவ்வாறு கேட்கலாம், கேட்க வேண்டும். ஹார்மோன் மேல் பழியைப் போட்டுவிட்டு விரும்பியதை உண்ணலாமா? கூடாது. பொறுப்பு இருக்கிறது. அதை ஒரு பிள்ளையின் தோளில் மட்டும் ஏற்றுவதைத்தான் எதிர்க்கிறோம்.

ஒரு வீட்டில் நால்வர் அமர்ந்து பூரியும் கிழங்கும் உண்ண, ஒருத்திக்கு மட்டும் இரண்டு இட்லி வைப்பது மருத்துவமாகாது, தண்டனை. அண்ணனுக்கு முறுக்கு, தங்கைக்கு வெள்ளரிக்காய் என்னும் பந்தி எத்தனை நாள் நிற்கும்? சமையல் மாறினால் வீட்டில் எல்லாருக்கும் மாற வேண்டும். சர்க்கரை நோயுள்ள தாத்தாவுக்கும், இரத்த அழுத்தமுள்ள தந்தைக்கும், இளைத்த அண்ணனுக்கும் அதே உணவு நன்மையே செய்யும்.

நாங்கள் பரிந்துரைப்பவை எளியவை. பசியின் ஹார்மோன்களோடு சண்டையிடாமல் அவற்றைத் துணைக்கு அழைப்பவை.

முதலாவது, எந்த வேளையையும் தவிர்க்க வேண்டாம். சிறப்பாகக் காலை வேளையை. காலையில் புரதம் இருக்கட்டும்: முட்டை, பாசிப்பயறு, சுண்டல், இட்லியோடு நிறையச் சாம்பார். புரதமும் நார்ச்சத்தும் குடலின் ‘போதும்’ ஹார்மோன்களை நன்கு தூண்டுபவை. நண்பகலில் சோற்றின் அளவைக் குறைத்துக் காய், கீரை, பருப்பு, மீன் ஆகியவற்றின் அளவைக் கூட்டுங்கள். தட்டில் பாதி காய்கறி என்பதை நினைவில் கொண்டால் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் கரையேறும் மீன் இருக்கும்போது, அதைக் குழம்பாக வைத்தால் நல்ல புரதம். எண்ணெயில் பொரித்தால் அந்த நன்மை குறையும். கேழ்வரகும் கம்பும் நல்லவையே. ஆனால் அவையும் அளவோடுதான். மாலையில் பள்ளி விட்டு வரும்போதே பசி உச்சத்தில் இருக்கும். அந்நேரத்தில் அவித்த நிலக்கடலையோ சுண்டலோ கொய்யாவோ வீட்டில் ஆயத்தமாக இருந்தால் கடைப் பொட்டலத்துக்கு வேலையிருக்காது.

இரண்டாவது, இனிப்பான பானங்களை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். குளிர்பானமும் பாட்டில் பழச்சாறும் மென்று உண்ணும் உணவைப் போல் நிறைவைத் தருவதில்லை. ஆற்றலை மட்டும் சேர்த்துவிட்டுப் போகும். நீர்மோர், எலுமிச்சை நீர், தண்ணீர் போதும். விருந்தினர் வந்தால்தான் வாங்குகிறோம் என்பீர்கள். மீதமிருப்பதைக் குடிப்பது பிள்ளைதானே?

மூன்றாவது, உறக்கம். இரவு உணவைச் சீக்கிரம் முடித்து, கைப்பேசிகளை வீட்டார் அனைவரும் கூடத்தில் ஓரிடத்தில் வைத்துவிட்டுப் படுக்கச் செல்லுங்கள். அனைவரும் என்பது தந்தையையும் சேர்த்து.

நான்காவது, நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உடல் இயங்க வேண்டும். கபடியோ நடனமோ நடையோ, பிள்ளை விரும்புவது எதுவானாலும் சரி. உடற்பயிற்சி மட்டும் எடையைப் பெரிதும் குறைத்துவிடாது. ஆனால் இன்சுலினின் திணறலைத் தணிக்கும், உறக்கத்தைத் தரும், மனத்தைத் தெளிய வைக்கும்.

இறுதியாக ஒன்று. வளரும் பிள்ளையின் எடை குறையாவிட்டாலும், உயரம் ஏறும்போது எடை அப்படியே நின்றால் அதுவே வெற்றி. தெருவிலுள்ள மெலிந்த பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். 2015-இல் இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்றவாறு குறித்துப் பார்க்கிறோம். நாள்தோறும் வீட்டில் எடை பார்க்க வேண்டாம்.

கடுமையான உணவுத் திட்டங்களைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். ஆஸ்திரேலியாவில் 13 முதல் 17 வயதுடைய 141 பேரிடம் நடந்த ஆய்வில், சில நாள் மட்டும் மிகக் குறைவாக உண்ணும் முறையும், நாள்தோறும் சற்றே குறைத்து உண்ணும் முறையும் ஓராண்டு இறுதியில் ஒரே அளவு பயனையே தந்தன. இரண்டும் மருத்துவரும் உணவியல் வல்லுநரும் அடிக்கடி பார்த்துத் துணை நின்ற ஏற்பாடுகள். முறையின் பெயரைவிட உடன் நிற்பவர்களே முதன்மையானவர்கள் என்று நாங்கள் அதிலிருந்து புரிந்துகொள்கிறோம். வாட்ஸ்அப்பில் பார்த்து வீட்டில் தனியே தொடங்கும் விரதம் அதுவன்று.

ஊசி மருந்தைப் பற்றி

ஜி.எல்.பி.-1 ஹார்மோனைப் போலச் செயல்படும் செமாக்ளூடைடு என்னும் ஊசி மருந்தைப் பற்றி இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். 2022-இல் வெளியான ஆய்வில் 12 முதல் 17 வயதினர் 201 பேர் பங்கேற்றனர். வாரம் ஒருமுறை மருந்து பெற்றவர்களின் உடல் நிறைக் குறியீடு 68 வாரங்களில் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. மருந்தில்லா ஊசி பெற்றவர்களுக்கு ஏறக்குறைய மாறவில்லை. இரு பிரிவினருக்கும் உணவு, உடற்பயிற்சி அறிவுரை ஒன்றே. அறிவுரை மட்டும் பெற்ற பிள்ளைகளும் முயன்றிருப்பார்கள். வேறுபாட்டை உண்டாக்கியது பசியின் ஹார்மோன். பசி உடலியல் சார்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைடு 2025 ஜூன் முதல் இந்தியாவிலும் விற்பனையில் உள்ளது. ஆனால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பிள்ளைக்குப் போட்டுவிடலாம் என்று எவரும் எண்ணக் கூடாது. குமட்டலும் வாந்தியும் பலருக்கு வரும். சிலருக்குப் பித்தப்பையில் கல் உண்டாகலாம். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்ப ஏறும். மிகுந்த உடற்பருமனும் அதனால் விளைந்த நோய்களும் உள்ள பிள்ளைக்கு, வல்லுநர் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டியது அது. மருந்து தேவைப்படுவது தோல்வி அன்று. மருந்து இருக்கிறது என்பதற்காக வீட்டுப் பந்தி மாறாமல் இருப்பதும் சரியன்று. முகவரி இல்லாத எடைக் குறைப்புப் பொடிகளைப் பற்றி ஒரே வரி: வாங்காதீர்கள்.

காலம் தாழ்த்தாமல் வர வேண்டியவை

பின்வருவன இருந்தால் அடுத்த விடுமுறைக்குக் காத்திராமல் அழைத்து வாருங்கள்: கழுத்துக் கருமை, மிகுந்த தாகமும் அடிக்கடி சிறுநீரும், குறட்டையோடு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல், மாதவிடாய் தள்ளிப்போதல், முகத்தில் மிகையான முடி, இடுப்பிலோ முழங்காலிலோ வலியும் நொண்டலும், தலைவலியோடு பார்வை மங்கல். ஐந்து வயதுக்கு முன்பே தீராப் பசியோடு எடை ஏறியிருந்தாலோ, எடை ஏறியும் உயரம் வளராமல் நின்றிருந்தாலோ, நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து எடுத்திருந்தாலோ தவறாமல் சொல்லுங்கள். தைராய்டுதான் காரணம் என்று பலரும் எண்ணி வருகின்றனர். நல்ல உயரம் வளரும் பிள்ளையிடம் அது காரணமாக இருப்பது அரிது.

பிள்ளை உணவை ஒளித்து வைத்தாலோ, உண்டபின் வாந்தி எடுத்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ அதையும் நோயாகவே கருதிப் பேசுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அன்றே வாருங்கள்; இரவானால் 14416 என்னும் மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

ஊரே கற்ற பாடம்

1991-இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். எழுத்தோடு மிதிவண்டியும் கற்றுத் தரப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். அவர்கள் ஓட்டாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணம் என்று எவரும் வீட்டு வாசலில் நின்று திட்டவில்லை. வண்டி கிடைக்க வழி செய்யப்பட்டது. கற்றுக்கொடுக்க ஆள் நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்து கற்றாள். சூழல் மாறியதும் கால்கள் தாமே மிதித்தன.

இன்று இதை வாசிக்கும் பாட்டிமாருள் பலர் அன்று மிதித்தவர்களாக இருக்கக்கூடும். பேத்திக்குப் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த மிதிவண்டி திண்ணையோரம் நிற்கிறதா என்று பாருங்கள். டயரில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைத் தனியே அனுப்பாமல் வீட்டில் இன்னொருவரும் உடன் செல்லுங்கள். திரும்பி வந்ததும் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து, ஒரே உணவை, நிதானமாக உண்ணுங்கள்.

அடுத்த முறை எங்கள் அறைக்குள் நுழையும்போது, “திட்டி விடுங்க” என்று சொல்ல வேண்டாம். “நாங்க எல்லாரும் சேந்துதான் மாத்திக்கிட்டு இருக்கோம் டாக்டர்” என்று சொல்லுங்கள். தரையைப் பார்க்கும் அந்தப் பிள்ளை அப்போது தலை நிமிரும். சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது.